விதிப் புத்தகத்தின் பின்பாதி

மூன்றாவது செமஸ்டர் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எனக்கு மஞ்சள்காமாலை வந்தது. எனக்கு மட்டுமல்ல, எங்கள் ஹாஸ்டல் பிளாக்கில் அந்த மாதம் பலர் படுத்துவிட்டார்கள். அப்பா வந்து ஊருக்குக் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரி மாத்திரையோடு அம்மா தினமும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். உப்பில்லாத கஞ்சி, இருட்டான அறை, கண்ணைத் திறந்தால் மஞ்சள். பரீட்சைக்கு நான்கு நாள் முன்பு அப்பா கல்லூரிக்குப் போன் செய்து, இப்போது எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். ‘எழுதலைன்னா ஃபெயில்தான் சார், எப்படியாவது கொண்டுவந்து உட்கார வெச்சிடுங்க’ என்று பதில் வந்தது. அப்பா தறி ஓட்டுபவர். கல்லூரி சொன்னால் அது அவருக்குத் தீர்ப்பு. டாக்ஸி பிடித்துக் கொண்டுபோய் உட்காரவைத்தார். குளுக்கோஸ் தண்ணீரோடு ஆறு பேப்பர் எழுதினேன், மூன்று போயிற்று.

அடுத்த முறையே மூன்றையும் எழுதித் தேறிவிட்டேன். ஆனால் நான்காம் ஆண்டில் ஒரு பெரிய நிறுவனம் வளாகத் தேர்வுக்கு வந்தபோது, விண்ணப்பத்தில் ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. இப்போது அரியர் இல்லாவிட்டாலும், எப்போதாவது இருந்திருந்தால் உள்ளே விட மாட்டார்களாம். அன்று மத்தியானம் கேன்டீனில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

பல ஆண்டுகள் கழித்து, வேறொரு கட்டுரைக்காக அண்ணா பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷனைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வருகைப்பதிவு, இன்டர்னல், தேர்ச்சி விதிகளையெல்லாம் தாண்டிப் பின்பக்கம் வந்தால், தேர்விலிருந்து விலகிக்கொள்வதற்கென்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. உடல்நலம் சரியில்லை போன்ற தகுந்த காரணம் இருந்தால், தேர்வுக்குப் பத்து நாள் முன்பே துறைத்தலைவர், முதல்வர் பரிந்துரையோடு விண்ணப்பிக்கலாம். படிப்புக் காலம் முழுவதற்கும் ஒரு தடவை மட்டும் இந்தச் சலுகை கிடைக்கும். அசாதாரணச் சூழ்நிலையில் அந்தப் பத்து நாள் கெடுவையும் தளர்த்தலாம். விலகிய தேர்வு ஒரு முயற்சியாகக் கணக்கில் சேராது. முதல் முயற்சியிலேயே எல்லாவற்றையும் தேறியவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் டிஸ்டிங்ஷன் தகுதிகூட அதனால் பறிபோகாது.

நான் படித்த காலத்து விதிகளிலும் இது இருந்தது. அப்பாவின் போனை எடுத்தவருக்கு அது தெரியாது. அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளைப் பற்றி எழுதும்போது கட்டணம், காலியிடம், கேம்பஸ் என்று மூன்று விஷயத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். சேர்ந்த நாளுக்கும் பட்டம் வாங்கும் நாளுக்கும் நடுவே ஒரு மாணவனின் வாழ்க்கையை நடத்துவது ரெகுலேஷன். அதில் மாணவனைத் தண்டிக்கும் பாதி சுற்றறிக்கையாகவும் நோட்டீஸ் போர்டாகவும் மிரட்டலாகவும் அவனைத் தேடி வருகிறது. அவனைக் காக்கும் பாதியை அவன்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு பாதி இருப்பதே தெரியாதவன் எங்கே போய்த் தேடுவான்?

வருகைப்பதிவை எடுத்துக்கொள்வோம். 75 சதவீதம் என்பது கல்லூரி வாட்ச்மேனுக்கும் தெரியும். 65-க்கும் 75-க்கும் நடுவில் இருப்பவர்கள் மருத்துவச் சான்றிதழோ விளையாட்டில் கலந்துகொண்ட சான்றிதழோ கொடுத்துக் கண்டொனேஷன் பெறலாம் என்பது பாதிப்பேருக்குத் தெரியும். 65-க்கும் கீழே போனால் ரீடூ. ஜூனியர்களோடு உட்கார்ந்து அந்த செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும். நீண்ட நோயோ குடும்பச் சிக்கலோ வந்தால் அனுமதி பெற்று ஓராண்டு வரை படிப்பை நிறுத்திவைத்துவிட்டு, மறுபடி சேரவும் வழி இருக்கிறது. நான்காண்டுப் படிப்பை முடிக்க ஏழாண்டு வரை அவகாசமும் இருக்கிறது. இந்தக் கடைசி இரண்டும் தெரியாமல் டி.சி. வாங்கிக்கொண்டு போனவர்களை என் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். ஒருவர் இப்போது மளிகைக்கடை வைத்திருக்கிறார். தொழில் நன்றாகத்தான் நடக்கிறது. ஆனால் கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் அவர் எந்த செமஸ்டர் என்று கேட்கும் குரல் எனக்குத் தெரியும்.

எல்லா விதிகளிலும் என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தியது வகுப்புக் குழு. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு குழு இருக்க வேண்டும். அந்த வகுப்புக்குப் பாடம் எடுப்பவர்களும் மாணவ, மாணவியர் பிரதிநிதிகளும் அதில் உட்கார வேண்டும். அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஒருவர்தான் தலைவர் என்கிறது விதி. ஏனென்று யோசித்தால் எழுதியவரின் மனசு புரியும். மதிப்பெண் போடும் கைக்கு எதிரே உட்கார்ந்து எந்த மாணவன் குறை சொல்வான்? செமஸ்டர் தொடங்கியதும் முதல் கூட்டம் நடக்க வேண்டும். ரெகுலேஷனை விளக்கிச் சொல்வதும், மதிப்பெண் எப்படிப் போடப்படும் என்று பிரதிநிதிகளிடம் தெரிவிப்பதும், படிப்பில் பின்தங்கியவர்களைக் கண்டுபிடித்துக் கைதூக்கிவிடுவதும் குழுவின் வேலை. கூட்டம் முடிந்த இரண்டு நாளுக்குள் தலைவர் அறிக்கை எழுதி முதல்வரிடம் கொடுத்து, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சுற்றுக்கு விட வேண்டும். நிர்வாகம் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் அது நிர்வாகத்தின் காதுக்கும் போக வேண்டும்.

இதை மறுபடி ஒருமுறை படியுங்கள். குடிக்கிற தண்ணீர் சரியில்லை, லேபில் ஆறு பேருக்கு ஒரு மெஷின், தெர்மோடைனமிக்ஸ் வாத்தியார் மூன்று வாரமாக வரவில்லை. இவற்றையெல்லாம் பெயர் தெரியாத புகாராக இல்லாமல், அதிகாரப்பூர்வமான தாளில் ஏற்றி முதல்வர் மேஜைக்குக் கொண்டுபோகும் பாதை இது. மாணவர் சங்கத் தேர்தல் என்ற பேச்சையே மறந்துவிட்ட கல்லூரிகளில் மாணவனுக்கென்று விதி ஒதுக்கியிருக்கும் நாற்காலி இது. நான்கு ஆண்டில் எங்கள் வகுப்பில் இந்தக் குழு கூடியதாக எனக்கு நினைவே இல்லை. கூடியதாக ஃபைலில் இருந்திருக்கும். ஆய்வுக்குழு வரும் வாரத்தில் பிரதிநிதிகளிடம் மொத்தமாகக் கையெழுத்து வாங்கும் பழக்கத்தைப் பற்றி என்னிடம் சொல்லாத மாணவர் குறைவு. நன்றாக நடத்தும் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே படித்தவர்கள் பேசும் விதத்திலேயே அது தெரிந்துவிடும். புகாரை எங்கே, யாரிடம், எந்தத் தாளில் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

வகுப்பு ஆலோசகர் என்று இன்னொரு பொறுப்பும் விதியில் உண்டு. மாணவனுக்கும் துறைத்தலைவருக்கும் நடுவே பாலமாக இருக்க வேண்டும். வருகையையும் படிப்பையும் கவனிக்க வேண்டும். உதவித்தொகை போன்ற நல விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல ஆலோசகர் கிடைத்தால் அந்த வகுப்பே தப்பித்துவிடும். ஆனால் ஆள் வேண்டுமே? 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஆவணங்களோடு வெளியிட்டது. அதில் சம்பந்தப்பட்டவை 224 கல்லூரிகள். பல்கலைக்கழகம் சரிபார்த்தபோது, சுமார் 2,000 பணியிடங்களில் 189 பேரின் பெயர்களே திரும்பத் திரும்ப வந்தது தெரிந்தது. அந்தச் செய்தியைத் தர மதிப்பீட்டு மோசடி என்றுதான் எல்லோரும் படித்தோம். எனக்கு வேறொரு காட்சிதான் வந்தது. காய்ச்சலோடு ஒரு பெண் ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்கிறாள். அவளுடைய ஆலோசகர் என்று பதிவேட்டில் இருப்பவர் பெயர் இன்னும் பத்துக் கல்லூரிப் பதிவேட்டில் இருக்கிறது.

அடுத்து, விடைத்தாள். ரிசல்ட் வந்து எதிர்பாராத பேப்பரில் போய்விட்டால், முதலில் விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்கலாம். பாடத்துக்கு 300 ரூபாய். அதைப் பாட ஆசிரியரிடம் காட்டி, தேறும் என்று அவர் சொன்னால் 400 ரூபாய் கட்டி மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். மாணவர்கள் இதை ‘ரீவேல்’ என்பார்கள். நகல் வாங்குவதை வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள். தன் விடைத்தாளைத் தானே பார்ப்பதைப் போல ஒரு பாடம் வகுப்பில் கிடையாது. எங்கே தடுமாறினோம், எந்தக் கேள்விக்கு மூன்று பக்கம் வீணாக எழுதினோம் என்று முகத்துக்கு நேரே தெரியும். பக்கம் ஒன்று திருத்தப்படாமலேயே விடப்பட்டிருந்தால் அதுவும் தெரியும்.

இந்த நல்ல வழியில் விழுந்த கறையையும் சொல்ல வேண்டும். 2017 ஏப்ரல்-மே தேர்வுகளுக்குப் பின் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். அதில் தேறியவர்கள் 73,733 பேர். பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் போடப்பட்டதாக 2018 ஆகஸ்டில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்தது. வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த எண்ணிக்கை எனக்கு வேறொன்றைச் சொல்கிறது. ஒரே பருவத்தில் 3 லட்சம் பேர் தங்கள் மதிப்பெண்ணை நம்பவில்லை. நேர்மையாக எழுதி, நேர்மையாகப் பணம் கட்டி, நேர்மையாகவே தேறியவனையும் ஊர் அன்றைக்குச் சந்தேகமாகப் பார்த்தது. அவனுக்கு யாரும் நஷ்டஈடு கொடுக்கவில்லை.

அரியர் என்ற சொல் தமிழ்நாட்டு வீடுகளில் எப்படி நுழைந்துவிட்டது என்று பாருங்கள். கல்யாணப் பேச்சில் வருகிறது, சினிமாவில் வருகிறது, அரசியலிலும் வந்தது. 2020 ஆகஸ்ட் 26-ம் தேதி, கொரோனா காலத்தில், கட்டணம் கட்டியிருந்தால் போதும், இறுதிப் பருவத் தேர்வு நீங்கலாக அரியர்கள் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. பேனர்கள் எழும்பின. ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புக்கொள்ளவில்லை, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது, தேர்வே நடத்தாமல் தேர்ச்சி கொடுப்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. கொண்டாடியவர்கள் மறுபடி ஹால் டிக்கெட் எடுத்தார்கள். அந்த அறிவிப்பால் பாதிக்கப்பட்டவர்கள் என்று நான் நினைப்பது, பாஸ் ஆகிவிட்டோம் என்று நம்பிப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டவர்களை.

அடுத்த ஆண்டு நடந்தது என்னை நெகிழவைத்தது. 2001-02 கல்வியாண்டிலிருந்து அரியர் வைத்திருப்பவர்களுக்கும் பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்பு கொடுத்தது. வழக்கமான கட்டணத்துக்கு மேல் 5,000 ரூபாய் கட்ட வேண்டும். இருபது ஆண்டு என்றால் எழுத வருபவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. என் சீனியர் ஒருவர் போய் எழுதினார். அவர் மகள் எட்டாம் வகுப்பு. கால்குலேட்டர் மகளுடையது. ‘எம்-3 பேப்பர்டா, கனவுல வந்துட்டே இருந்துச்சு’ என்றார். அவருக்கு அந்தப் பட்டத்தால் இனி சம்பளம் உயராது. இருந்தாலும் ரிசல்ட் வந்த அன்று இனிப்பு கொடுத்தார்.

பணத்துக்கு வருவோம். இங்கேதான் மாணவனைக் காக்கும் பாதி அடர்த்தியாக இருக்கிறது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் கட்டணத்துக்காக 2012-ல் வந்த அரசாணை எண் 92. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் சட்டமாக வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு. இதில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். மாதம் ஆயிரம் என்பது சிலருக்குச் சில்லறையாகத் தெரியலாம். ஜெராக்ஸுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் அப்பாவிடம் கை நீட்டாத மாதம் எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

சிக்கல் சலுகைக்கும் கல்லூரி அலுவலக ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிறது. உதவித்தொகை வர மாதங்கள் ஆகும். ‘வந்ததும் திருப்பித் தர்றோம், இப்போ கட்டிட்டு ஹால் டிக்கெட் வாங்கிக்கோ’ என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வரும். வட்டிக்கு வாங்கிக் கட்டிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். பஸ் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடை, இன்னும் என்னென்னவோ பெயர்களில் ரசீது நீளும். இடையில் படிப்பை விட நேர்ந்தால் அசல் சான்றிதழ் வராது. மீதி ஆண்டுகளின் பணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்பார்கள். இதற்கு எந்த விதியிலும் இடமில்லை. சான்றிதழைச் சரிபார்த்துவிட்டு மாணவனிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யு.ஜி.சி. தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மதிப்பெண் சான்றிதழ் ஒன்றும் கடனுக்குப் பிடித்துவைக்கும் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பிளஸ் டூ மார்க் ஷீட்டை ஒரு பீரோவில் பூட்டிவைப்பது பதினெட்டு வயதுப் பிள்ளையின் மற்ற எல்லாக் கதவுகளையும் பூட்டுவது. இதைச் செய்பவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

உயிர் போகும் விஷயங்களிலும் விதிகள் உண்டு. 1996-ல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகுதான் 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. 1800-180-5522 என்ற எண்ணில் எந்த மாணவரும் புகார் சொல்லலாம். பெண்களுக்கு உள்புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. ஆலோசகர் இல்லாத கல்லூரியிலிருந்தும் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். இந்த இரண்டு எண்களையும் எத்தனை ஹாஸ்டல் கதவுகளில் ஒட்டியிருக்கிறார்கள்? வெளியே போக நேரக் கட்டுப்பாடு ஒட்டியிருக்கும் அதே கதவைத்தான் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் மொழி இருக்கிறது. 2010-11-லேயே சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் தொடங்கினோம். 2022-லிருந்து முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் ‘தமிழர் மரபு’ படிக்கிறார்கள். ஆனால் தன் தலையெழுத்தை நிர்ணயிக்கும் ரெகுலேஷனை மாணவன் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் உட்பிரிவுக்குள் உட்பிரிவாக வக்கீல்கள் எழுதும் ஆங்கிலத்தில். தறி ஓட்டுபவரின் மகன் அதைப் படித்து, தேர்விலிருந்து விலகும் பிரிவைக் கண்டுபிடித்து, பத்து நாள் கணக்குப் பார்த்து மனு எழுத வேண்டும். தமிழில் இருபது பக்கத்தில் இதைப் போட முடியாதா? சேர்க்கை நாளில் கட்டண ரசீதோடு சேர்த்துப் பெற்றோர் கையில் கொடுக்க முடியாதா? தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் விதியைத் தாங்களே எழுதுகின்றன. யாரையும் எதிர்பார்க்காமல் அவர்கள் இந்த ஆண்டே தொடங்கலாம்.

என் அக்கா மகள் இரண்டாண்டு முன்பு ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். பட்டுப்பாவாடை வயதிலிருந்து என்னிடம் கதை கேட்டு வளர்ந்தவள். இந்த முறை ரெகுலேஷனைப் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன். ‘என்ன மாமா, இதப் போயி கிஃப்ட்டா குடுக்கறீங்க’ என்று சிரித்தாள். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது செமஸ்டர் பரீட்சைக்கு ஐந்து நாள் முன்பு அவளுடைய ரூம்மேட்டின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிவதற்குள் மூன்று பேப்பர் போய்விடும். அந்தப் பெண் ஊரிலிருந்து அழுதுகொண்டே போன் செய்து, ‘வந்து எழுதிடட்டுமா, இல்ல அரியர் விழட்டுமா’ என்று கேட்டிருக்கிறாள். என் அக்கா மகள் ஸ்பைரல் புத்தகத்தைத் தேடி எடுத்திருக்கிறாள். எதிர்பாராத குடும்பச் சூழ்நிலையும் விலகுவதற்கான காரணம் என்று அதில் இருந்தது. கெடு தாண்டிவிட்டாலும் அசாதாரணச் சூழ்நிலையில் பரிசீலிக்கலாம் என்ற வரியும் இருந்தது. மறுநாள் காலை அதைத் தூக்கிக்கொண்டு தன் வகுப்பு ஆலோசகரிடம் போயிருக்கிறாள்.

அந்த மேடம் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு முறை படித்தார், எழுந்து நேராக எச்.ஓ.டி. அறைக்குப் போனார், அங்கிருந்து முதல்வர் அறைக்கு. சாயங்காலம் மனு போய்விட்டது. ரூம்மேட்டுக்குப் போன் செய்து, அப்பா காரியத்தை முடித்துவிட்டு மெதுவாக வரச் சொன்னார்கள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மேடம் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே கேட்டாராம்: ‘இதை ஒரு நாள் நான் வெச்சுக்கட்டுமாம்மா? ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தந்துடறேன்.’